வண்டியில் ஹீற்றர் பூட்டுதலும் எஞ்சின் தண்ணீரைக் காத்தலும்

திருகோணமலை மாவட்டத்தில் வண்டிக்கு வெப்பமூட்டி எதற்கு என்று இத்தலைப்பைக் காண்போர் வினவுதல் இயல்பே. கச்சான் காற்று அனலாய் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் லொறியின் சாரதி ஆசனத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பதே பெரும் பாடாகும். எனினும் நம் கமக்காரர் பலருடைய வண்டிகளில் வெப்பமூட்டி ஏற்கெனவே இருக்கின்றது. அது இருப்பதை அவர்களிற் பலர் அறியார். அது ஒழுகத் தொடங்கி எஞ்சின் சூடேறிய பின்னரே அறிந்துகொள்கின்றனர். கராஜுகளில் இதனை ஹீற்றர் என்றே வழங்குவதால் இங்கும் அச்சொல்லையே கையாளுவோம்.

யப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியாகும் சிறு லொறிகளும், கெப் வாகனங்களும், நாலு சில்லும் இழுக்கும் ஜீப்புகளும் அந்நாட்டுப் பனிக்காலத்துக்கென ஹீற்றர் பூட்டப்பட்டே வருகின்றன. நம் நாட்டில் 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேயே படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளையே பழுதுபார்த்து ஓட்டவேண்டியிருந்தமையால், பதினைந்து இருபது ஆண்டு பழைமையான றப்பர்க் குழாய்களுடன் ஓடும் வண்டிகள் இன்று நம் வீதிகளில் மிகுதி. இது ஒரு புறமிருக்க, ஹீற்றர் இல்லாத வண்டியில் புதிதாக ஒன்றைப் பூட்ட விரும்புவோரும் உளர். சின்ன வெங்காயமும் நெல்லும் ஏற்றிக்கொண்டு மலைநாடு சென்று, அங்கிருந்து உருளைக்கிழங்கும் கோவாவும் ஏற்றி வருவோர் அவர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை, மாசி மாத விடியற்காலைகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. நம் கரையோரத்து உடம்பு அக்குளிருக்குப் பழகியதன்று. விறைத்த கைகளுடன் கொண்டையூசி வளைவுகளில் வண்டியை இறக்குதல் ஆபத்து. மார்கழி அடைமழையில் நம் மாவட்டத்து வீதிகளிற்கூட முகப்புக் கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்து வழி மறைகின்றது. அதனை நீக்கவும் வெப்பக் காற்று உதவும்.

ஹீற்றர் எவ்வாறு இயங்குகின்றது?

வயலுக்குத் தண்ணீர் பாயும் முறையை அறிந்தவருக்கு இதனை விளக்குதல் எளிது. எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஒரு பங்கே சில்லுகளைச் சுழற்றுகின்றது. எஞ்சியது புகையோடும் தண்ணீரோடும் வெளியேறவேண்டும். தண்ணீர்ப் பம்பியானது எஞ்சினைச் சுற்றியுள்ள வழிகளூடாகத் தண்ணீரை ஓடச்செய்து, இரேடியேற்றருக்கு அனுப்பி ஆற்றி, மீண்டும் எஞ்சினுக்குக் கொண்டுவருகின்றது. இது தலைவாய்க்கால். எஞ்சினின் மேற்பகுதியில் தேமோஸ்ரற்று எனும் சிறு கருவி உண்டு. அது குளத்துத் துருசு போன்றது. தண்ணீர் போதிய சூடு அடையும்வரை மூடியிருந்து, பெரும்பாலும் 80 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே திறந்து, தண்ணீரை இரேடியேற்றருக்கு விடும். இரேடியேற்றரின் மூடியோ வான் போன்றது. உள்ளே அமுக்கம் அளவு கடந்தால் மாத்திரம் நீரை வழியவிடும்.

இத்தலைவாய்க்காலிலிருந்து பிரியும் கிளை வாய்க்காலே ஹீற்றர். எஞ்சினில் சூடேறிய தண்ணீரில் ஒரு பகுதி, துருசுக்கு முன்னரே பிரிந்து, விரற்கடை அளவான குழாய் வழியே சாரதியின் முன்பலகைக்குக் கீழுள்ள சிறு இரேடியேற்றருக்குச் செல்கின்றது. அதன் பின்னே ஒரு மின்விசிறி காற்றை ஊதுகின்றது. சூட்டை இழந்த தண்ணீர் மற்றொரு குழாய் வழியே பம்பியின் உறிஞ்சும் பக்கத்தை அடைகின்றது. இவ்வளவே அதன் அமைப்பு. ஆகவே ஹீற்றரைப் பூட்டுதலும், கழற்றுதலும், கவனியாது விடுதலும் எஞ்சினின் குருதியோட்டத்திற் கைவைப்பதாகும் என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். கிளை வாய்க்காலின் வரம்பு உடைந்தால் தலைவாய்க்காலும் வற்றும்.

எத்தகைய ஹீற்றரை வாங்கலாம்?

எஞ்சின் தண்ணீரால் இயங்கும் ஹீற்றரையே வாங்குக. பற்றறியில் நேரே இயங்கும் மின் ஹீற்றர்கள் மலிவானவை. ஆயின் பயன் சொற்பம். 12 வோற்று வண்டியில் 150 வாற்று ஹீற்றர் ஒன்று 12 அம்பியருக்கு மேல் மின்னை இழுத்தும், கையைச் சூடாக்கும் அளவுக்கு மேல் எதுவும் செய்யாது. தண்ணீர் ஹீற்றரோ, எப்படியும் வீணாகப்போகும் வெப்பத்தையே தருவதால் எரிபொருட் செலவு ஏறக்குறைய இல்லை எனலாம்.

புகைக்குழாயின் சூட்டை நேரே சாரதி அறைக்குத் திருப்பும் உள்ளூர் வேலைப்பாடுகளை எவரும் செய்யலாகாது. குழாயில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும் காபனோரொட்சைட்டு வாயு உள்ளே புகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடியும் உறக்கமும் தந்து, உறக்கத்திலேயே உயிரைக் கவரும். மலைநாட்டில் இரவு தங்கும்போது கண்ணாடிகளை மூடிக்கொண்டு சாரதி அறைக்குள் கரிச்சட்டி வைத்துக் குளிர்காய்தலும் இதே மரணத்தையே தருவது. டீசலை எரித்து வெப்பம் தரும் சிறு ஹீற்றர்களும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் புகைவாய் வண்டிக்கு வெளியே, காற்று உள்ளிழுக்கும் வாயிலிருந்து விலகி இருத்தல் கட்டாயம்.

பூட்டும் முறை

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும். கன்னியா வெந்நீரூற்றுகளின் தண்ணீர் ஏறத்தாழ 40 பாகைச் சூடு. அதில் நாம் குளிக்கின்றோம். ஓடி நின்ற எஞ்சினின் தண்ணீர் 80, 90 பாகைக்கு மேற்பட்டது, அமுக்கத்திலும் உள்ளது. சூடாயிருக்கும்போது மூடியைத் திறந்து முகமும் மார்பும் வெந்தவர்கள் உண்டு. ஒரு மணி நேரம் காத்திருப்பதால் எதுவும் குறைந்துபோகாது. பின்னர் இரேடியேற்றரின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஏந்திக்கொள்க. கூலன்ற் கலந்த தண்ணீரை நிலத்தில் ஊற்றலாகாது. அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. இனிப்புச் சுவையுடையதாதலால் நாயும் மாடும் விரும்பிக் குடித்து மடியும். குழந்தைகள் உள்ள வீட்டில் எஞ்சிய கூலன்றைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தல் பெருங்குற்றம்.

ஹீற்றர்ப் பெட்டியைச் சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தின் முன்னே, கால் இடிபடாதவாறு, இயன்றவரை தாழ்வாகப் பொருத்துக. இரேடியேற்றரின் தலைமட்டத்துக்கு மேலே ஹீற்றர் இருக்குமாயின் அதனுட் காற்று தங்கும். மேட்டுக் காணிக்கு வாய்க்கால் நீர் ஏறாததைப் போன்றதே இது. சுடுதண்ணீரை எடுப்பதற்கு எஞ்சின் தலையிலேனும் தேமோஸ்ரற்றுக் கூட்டின் எஞ்சின் பக்கத்திலேனும் திருகாணியால் அடைக்கப்பட்ட துவாரம் ஒன்று பெரும்பாலான எஞ்சின்களில் உண்டு. திரும்பும் குழாய்க்குப் பம்பியின் உறிஞ்சும் பக்கத்திலும் அத்தகைய துவாரம் இருக்கும். எஞ்சினின் கைநூலைப் பார்த்து அல்லது அவ்வகை எஞ்சினை நன்கறிந்த மெக்கானிக்கைக் கேட்டு இவற்றை நிச்சயித்துக்கொள்க. இரேடியேற்றரின் மேற்குழாயை வெட்டி அதில் முச்சந்திக் குழாய் வைத்துச் சுடுதண்ணீர் எடுப்பவரும் உளர். அது வேலையைச் சுருக்கும் வழியேயன்றி நல்வழியன்று. துருசு திறக்கும்வரை அக்குழாயில் ஓட்டம் இல்லையாதலால் குளிர் மிகுந்த வேளையிலேயே ஹீற்றர் பயன்படாது போகும்.

குழாயின் விடயத்தில் சிக்கனம் வேண்டாம். தண்ணீர் இறைக்கும் பம்பியின் மிகுதிக் குழாய் வீட்டிற் கிடக்கின்றதே என்று அதை வெட்டிப் பூட்டுவோர் உளர். அது குளிர்ந்த தண்ணீருக்கென ஆக்கப்பட்டது. சூட்டில் இளகி, அமுக்கத்தில் புடைத்து, ஒரு நாள் வெடிக்கும். நூல் பின்னல் உள்ளே வைத்த, ஹீற்றருக்கென விற்கப்படும் றப்பர்க் குழாயையே கேட்டு வாங்குக. பல வண்டிகளுக்கு 16 மில்லிமீற்றர் உள்விட்டமுடையது பொருந்தும். ஆயினும் இருக்கும் முனையை அளந்தபின் வாங்குதல் நன்று. எஞ்சினுக்கும் சாரதி அறைக்கும் இடையேயுள்ள தகட்டில் துளையிட்டுக் குழாயைக் கொண்டுசெல்லும்போது, தகட்டின் விளிம்பு குழாயை அறுக்காதபடி துளைக்கு றப்பர் வளையம் இடவேண்டும். புகைக்குழாய், விசிறி, மிதிகளின் கம்பிகள் ஆகியவற்றிலிருந்து குழாய் விலகியிருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது அசைவதால் குழாயை இறுக இழுத்துப் பூட்டாது, சிறிது தளர்வு விடுக. ஆனால் மடிப்பு விழலாகாது. சுடுதண்ணீர்க் குழாயின் நடுவே ஓர் அடைப்பானை வைத்தால் கச்சான் காலத்தில் அதை மூடிவிடலாம்.

மின்விசிறிக்குரிய வயரைப் பற்றறியின் நேர்முனையிலிருந்து எடுத்து, அம்முனைக்கு அருகிலேயே பியூஸ் ஒன்றை வைத்து, பின்னர் ஆளிக்குக் கொண்டுசெல்க. பியூஸ் இன்றிப் பூட்டிய வயர் தகட்டில் உரசுமாயின் வண்டி எரியும். பியூஸின் அளவு ஹீற்றருடன் வரும் தாளிற் குறித்த அளவாக இருத்தல் வேண்டும். அது எரிந்து எரிந்து போகின்றது என்று பெரிய பியூஸை இடுவது நோயை மறைப்பதாகும்.

காற்றை வெளியேற்றல்

வேலை முடிந்ததும் தண்ணீரை நிரப்பி மூடிவிட்டுப் புறப்படுவோரே இடைவழியில் நிற்பவர்கள். குழாய்களுள்ளும் சிறு இரேடியேற்றருள்ளும் காற்று தங்கியிருக்கும். வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருக்குமாறு ஒரு மேட்டில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஹீற்றர் அடைப்பானை முழுதும் திறந்து, மூடியின்றி மெல்ல ஊற்றி நிரப்புக. பின்னர் எஞ்சினை மெதுவாக ஓடவிடுக. தேமோஸ்ரற்று திறக்கும்வரை குமிழிகள் வந்துகொண்டிருக்கும், மட்டம் சட்டென இறங்கும், மீண்டும் ஊற்றவேண்டும். குமிழிகள் நின்று, ஹீற்றரின் இரு குழாய்களும் தொடுவதற்குச் சூடாக இருக்கும்போதுதான் வேலை நிறைவுற்றதாகும். ஒரு குழாய் சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் ஓட்டம் இல்லை. காற்று அடைத்திருக்கும், அல்லது குழாய்கள் மாறிப் பூட்டப்பட்டிருக்கும். ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியபின், எஞ்சின் ஆறிய வேளையில் எல்லாக் கிளிப்புகளையும் மீண்டும் இறுக்குக.

என்ன தண்ணீர்?

நம் கடலோரக் கிணறுகளில் உவர் உண்டு. உள்நாட்டுக் கிணறுகள் பலவற்றின் நீர் வன்னீர். தேநீர்க் கேத்தலின் அடியில் படியும் வெண்படையைக் காண்க. அதே படைதான் எஞ்சினுள்ளும் படிகின்றது. கேத்தலையேனும் புளி இட்டுத் தேய்க்கலாம். எஞ்சினின் உள்வழிகளை எவ்வாறு தேய்ப்பது? ஹீற்றரின் நுண்குழாய்கள் இரேடியேற்றரினதைக் காட்டிலும் விரைவில் அடைபடும். உவரோ உலோகத்தை அரிக்கும். பெரும்போக மழை நம் கூரைகளிலே தாராளமாகக் கொட்டுகின்றது. முதல் மழைகள் கூரையைக் கழுவியபின் இரண்டு கலன் மழைநீரை வடித்து மூடி வைத்தால் ஆண்டு முழுவதற்கும் போதும். இல்லையேல் பற்றறிக்கு விற்கும் வடித்த நீரை வாங்குக.

கூலன்ற் என்பது பனிநாட்டுப் பொருள், நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பர். நீர் உறைவதைத் தடுப்பது அதன் ஒரு குணமே; துருவைத் தடுப்பதும், கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும் அதன் மற்றைய குணங்கள். நமக்கு வேண்டியவை இவையே. ஒருவகைக் கூலன்றை மற்றொரு வகையோடு கலக்காது, கைநூல் குறித்த காலத்தில் மாற்றுக.

மலை ஏறுவோருக்கு இரேடியேற்றர் மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. நிலாவெளியில் திறந்த பாத்திரத்திலுள்ள தண்ணீர் 100 பாகையிற் கொதிக்கும். நுவரெலியாவில் அதே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். உயரம் கூடக் காற்றின் அமுக்கம் குறைவதே காரணம். சதுர சென்ரிமீற்றருக்கு 0.9 கிலோகிராம் அமுக்கத்தைத் தாங்கும் நல்ல மூடி கரையோரத்தில் கொதிநிலையை 118, 119 பாகைவரை உயர்த்தி வைக்கின்றது. மூடியின் றப்பர் வெடித்திருந்தால் அப்பாதுகாப்பு முழுவதும் போய்விடும். சமவெளியில் ஒரு குறையும் காட்டாத வண்டி, கம்பளை தாண்டி இறம்பொடை ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது கொதித்து நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சிறு விலையுள்ள மூடி. புறப்படுமுன் அதனைப் பாருங்கள்.

ஏற்கெனவே உள்ள ஹீற்றர்

ஹீற்றர் ஒழுகுவதை அறிதல் கடினமன்று. கவனம் இருந்தாற் போதும். ஆசனத்தின் முன்னே கால்விரிப்பு ஈரமாயிருத்தல், சாரதி அறையில் இனிப்பான ஒரு மணம், கண்ணாடியில் எண்ணெய் போன்ற ஆவி, நிலத்தில் ஒரு துளியும் விழாதிருக்கத் தண்ணீர் மட்டும் நாளாந்தம் குறைதல் ஆகியவை அதன் அடையாளங்கள். பாவித்த வண்டி வாங்குவோர் விரிப்பைத் தூக்கிப் பார்த்த பின்னரே விலை பேசவேண்டும்.

ஒழுகும் ஹீற்றரை உடனே மாற்ற இயலாவிடின், அதனை ஓட்டத்திலிருந்து விலக்கலாம். ஹீற்றருக்குச் செல்லும் குழாயையும் திரும்பும் குழாயையும் கழற்றி, இரண்டையும் ஒரே குழாய்த்துண்டால் வளைத்து இணைப்பதே முறை. இரு முனைகளிலும் மரக்கட்டை அடித்து அடைப்பதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. சில எஞ்சின்களில், துருசு மூடியிருக்கும் வேளையில் தண்ணீர் சுற்றுவதற்கு இக்கிளையே வழியாக உள்ளது. அதை அடைத்தால் எஞ்சின் தலையில் ஓரிடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறும்.

ஒழுகாத ஹீற்றரை, நமக்குத் தேவையில்லை என்று கழற்றி எறியவேண்டாம் என்பதே எமது கருத்து. அதன் பயன் குளிர்காலத்தைவிட வெயிற்காலத்தில் தெரியவரும். பாரம் ஏற்றிய வண்டி ஏற்றத்திற் செல்லும்போது வெப்பமானியின் முள் மேலே ஏறத் தொடங்கினால், குளிரூட்டியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டுக்கும் விசிறியை முழு வேகத்துக்கும் திருப்பி, கண்ணாடிகளை இறக்கிவிடுக. சாரதிக்கு வேதனைதான், ஆனால் அந்தச் சிறு இரேடியேற்றர் பெரிய இரேடியேற்றருக்குத் துணைநின்று எஞ்சினின் வெப்பத்தை வெளியேற்றும். பாதுகாப்பான இடம் சேரும்வரை அது உதவும். அவ்வேளையில் முள் உச்சியில் நிற்க ஹீற்றரிலிருந்து குளிர்ந்த காற்றே வருமாயின், அதன் பொருள் ஒன்றே: தண்ணீர் போய்விட்டது. அக்கணமே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துக. இன்னும் ஒரு மைல் என்று ஓட்டியவருக்கு எஞ்சின் தலை வளையும், கஸ்கற் கருகும், பிஸ்ரனும் இறுகலாம். ஒரு போகத்து விளைச்சற் பணம் கராஜுக்குப் போகும்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வெங்காயம் தம்புள்ளைச் சந்தைக்கு இரவிலேயே புறப்படுகின்றது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே வீதியின் இருபுறமும் காடு. இரவில் யானைகள் குறுக்கிடும் இடம். அங்கே, வெடித்துப்போன ஒரு சாண் ஹீற்றர்க் குழாயால் லொறி ஒன்று விடியும்வரை நின்றதை இவ்வெழுத்தாளர் அறிவார். சந்தை முடிந்தபின் போய்ச்சேர்ந்த வெங்காயத்துக்கு அன்று கிடைத்தது வண்டிக்கூலிக்கும் போதவில்லை. அவ்வழி செல்வோர் ஐந்து லீற்றர் நல்ல தண்ணீர், இரண்டு கிளிப்புகள், ஒரு முழக் குழாய், ஒரு திருகாணிச் செலுத்தி ஆகியவற்றை ஆசனத்தின் கீழ் வைத்திருத்தல் வேண்டும். நின்ற எஞ்சினில் அரை மணி நேரம் ஆறும்முன் மூடியைத் தொடாதீர்கள். ஆறிய பின்னும் சாக்கைப் போட்டு முதற் பல்வரை மட்டும் திருப்பி, ஆவி அடங்கிய பின் திறவுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.

அறுவடை இயந்திரமும் உழவு இயந்திரமும் வைத்திருப்போருக்கும் தண்ணீரையும் மூடியையும் பற்றிக் கூறியவை பொருந்தும். மூடிய சாரதி அறையுள்ள அறுவடை இயந்திரங்கள் சிலவற்றில் ஹீற்றரும் உண்டு. ஆயின் அவற்றுக்குப் பெரும்பகை பதர். மாசி, பங்குனி அறுவடையில் நாள்தோறும் மாலையில் இரேடியேற்றரின் வலையைத் துடைக்காவிடின் எந்தக் கூலன்றும் காப்பாற்றாது.

பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோக உழவு தொடங்குமுன் உள்ள சில வாரங்களே இவ்வேலைகளுக்கு ஏற்ற காலம். குழாய்களை விரலால் அழுத்திப் பார்க்க. கல்லைப்போல் இறுகியிருந்தாலும், களியைப்போல் இளகியிருந்தாலும், கிளிப்பின் அருகே வெடிப்புத் தெரிந்தாலும் மாற்றிவிடுக. மாற்றிய திகதியை மூடியின் உட்புறத் தகட்டில் நிறப்பூச்சால் எழுதிவைத்தால், வண்டியை அடுத்து ஓட்டுபவருக்கும் அது பயன்படும்.